'நீங்க உட்காருங்க அத்தை!'

போன வருடம் மார்கழியில், வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்த என் மாமியார் தடுமாறி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

ஆனால், அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். "நீங்க உட்காருங்க அத்தை, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று எதற்கெடுத்தாலும் சொல்ல ஆரம்பித்தேன். கோலம், மொட்டை மாடி, கடைத்தெரு எல்லாம் நின்றுபோனது. மூன்றே மாதத்தில், கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலைக்கு வந்துவிட்டார். அக்கறை என்று நினைத்து நான் செய்தது, அவர் கால்களின் பலத்தைத்தான் குறைத்தது.

65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். விழுந்தவருக்குப் பயம் வருகிறது. பயத்தால் நடமாட்டம் குறைகிறது. நடமாட்டம் குறைந்தால் தசைகள் தளர்கின்றன. மறுபடியும் விழும் வாய்ப்பு கூடுகிறது.

இதை மாற்ற முடியும். 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளை 2019-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது 23 சதவிகிதம் குறைந்திருந்தது. 'நான்தான் தினமும் வாக்கிங் போறேனே' என்பவர்கள் கவனியுங்கள். நன்றாகப் பலன் தந்தவை, உடலின் சமநிலையையும் கால் பலத்தையும் கூட்டும் பயிற்சிகள். நடைப்பயிற்சி மட்டுமே போதும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

நியூசிலாந்தில் முதியவர்களுக்கென்றே இப்படிப்பட்ட வகுப்புகள் ஊர்ப் பொது அரங்குகளில் நடக்கின்றன. அதைப் படித்துவிட்டு, தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கேட்டேன். இப்போது எங்கள் தெருப் பூங்காவில் வாரம் மூன்று நாள், எட்டுப் பெரியவர்கள் கூடுகிறார்கள்.

பயிற்சிகள் எளியவைதான்:

* நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுவது.

* கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது.

* ஒரு காலில் சில நொடிகள் நிற்பது.

* ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து, கோடு போட்டதுபோல் நடப்பது.

பிடிமானமும், பக்கத்தில் ஒரு ஆளும் அவசியம். தொடங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். எழுந்ததும் தலை சுற்றினால், சாப்பிடும் மாத்திரைகளையும் அவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் தனியாகச் செய்யச் சொன்னால் இரண்டு நாளில் விட்டுவிடுவார் அத்தை. பூங்காவில் அப்படி முடியாது. ஒரு நாள் வராவிட்டால், "என்னாச்சு?" என்று நான்கு பேர் போன் செய்துவிடுகிறார்கள்!

இந்த மார்கழியில் வாசல் கோலம் மறுபடியும் அத்தையுடையது. எழும்போது நான் கையை நீட்டினேன். "வேண்டாம்மா" என்று அவரே எழுந்துகொண்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அடுத்த முறை, 'நீங்க உட்காருங்க' என்று சொல்ல வாய் வரும்போது, 'வாங்க, பூங்காவுக்குப் போகலாம்' என்று சொல்லிப் பாருங்களேன்.