ராக்கெட் தெரிகிற ஊரில் இன்ஜினியரிங் ஏன் தூரமாக இருக்கிறது?

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பார்க்க டிவி தேவையில்லை, வீட்டு வாசலே போதும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டா பக்கம் தீயும் புகையும் கிளம்பும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்துதான். ஏவுதல் நாட்களில் அந்தப் பகுதிக் கடலில் மீன்பிடிக்கத் தடை. பல வீடுகளில் ராக்கெட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'இன்னிக்கு தொழில் இல்ல' என்பதுதான்.

அதே தளத்திலிருந்து 2009 ஏப்ரல் 20-ல் 'அனுசாட்' என்ற 40 கிலோ செயற்கைக்கோள் போனது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. உருவாக்கியது அண்ணா பல்கலைக்கழகம். சென்னை பழவேற்காட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் ஏரிக்கரை கிராமத்துப் பிள்ளைக்கு அந்தக் கேம்பஸ் நிஜத்தில் எவ்வளவு தூரம்?

சீட் இல்லாமல் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங், மீன்வளம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கதவு திறப்பது பிளஸ் டூவுக்குப் பிறகு. முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த குரூப் என்று கேட்பார்கள். கணிதமும் இயற்பியலும் இல்லாத குரூப் எடுத்தால் பெரும்பாலான இன்ஜினியரிங் படிப்புகள் அங்கேயே முடிந்தன. 15 வயதில், ஒரு இன்ஜினியரைக்கூட நேரில் பார்க்காத பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்?

பல்கலைக்கழகங்கள் பள்ளிக்கு வர வேண்டியது அதற்கு முன்னால்தான். முயற்சிகள் இல்லாமல் இல்லை. தமிழக அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கியது. 6 முதல் 8 வரையிலான மாணவர்களுக்கு அறிவியல் சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுவருகிறது. சென்னை ஐஐடிக்கு 'அனைவருக்கும் ஐஐடிஎம்' இருக்கிறது. பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறது. என் தயக்கம் வேறு. கிட் வரும், எல்இடி எரியும், போட்டோ எடுப்பார்கள், வேன் கிளம்பிவிடும். மறுநாள் அந்த எல்இடிக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் எம்ஐடியின் கடல்சார் பிரிவு 2003-ல் 'சீபெர்ச்' என்று ஒன்றைத் தொடங்கியது. பிவிசி பைப், மூன்று சிறிய மோட்டார், சில சுவிட்சுகள். இவற்றை வைத்துப் பள்ளி மாணவர்களே நீருக்கடியில் ஓடும் ரோபோ செய்வார்கள். முதலில் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் அதில் முக்கியம். பல்கலைக்கழகக்காரர்கள் போனபிறகும் வேலை நடக்கும். அதை அப்படியே இங்கே இறக்க வேண்டியதில்லை. நம்ம ஏரியில் பல இடங்களில் ஆள் நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான், ரோபோ போய் என்ன பார்க்கப்போகிறது!

இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முகத்துவாரம் ஏன் அடைத்துக்கொள்கிறது? கரையோரமாக அலை தள்ளிக்கொண்டே வரும் மணல் வாயில் குவிகிறது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் முட்டித் தள்ளும்போது திறக்கிறது, கோடையில் மறுபடி சுருங்குகிறது. வாய் மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, படகும் வெளியே போகாது. இதற்குத் தீர்வாக இருபுறமும் கல் சுவர் எழுப்ப ரூ.26.85 கோடித் திட்டம் வந்தது. ஒரு டிரேயில் மணலும் தண்ணீரும் போட்டு, கையால் அலை எழுப்பி, சுவர் வைத்தால் மணல் எந்தப் பக்கம் சேருகிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே பார்க்கலாம். வாரம் ஒருமுறை உப்பளவும் ஆழமும் அளந்து குறித்து வைக்கலாம். நாலு பருவம் கடந்தால் அது ஊருக்கே பயன்படும் கணக்கு.

படகும் அப்படித்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் சுற்றுலாப் பயணிகள் போன படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆள் கூடினால், ஒரே பக்கம் சாய்ந்தால், எழுந்து நின்றால் படகு ஏன் தடுமாறுகிறது? ஒரு தொட்டியும் தெர்மாகோல் படகும் சில நட்டு போல்ட்டும் போதும். இதில் மாணவர்களுக்கு இன்னொரு அனுகூலம்: தாத்தாவுக்குப் பாதி பதில் ஏற்கெனவே தெரியும். காற்றையும் நீரோட்டத்தையும் கையால் படித்தவர்கள் அவர்கள். அவர்களையும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், சொல்லித்தருபவர்களாக.

யார் வருவது? பக்கத்தில் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடல்சார் பொறியியலுக்கென்றே தனித்துறை வைத்திருக்கும் சென்னை ஐஐடி கிண்டியில் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, அதே ஐந்தாறு கல்லூரி மாணவர்கள், அதே பள்ளி, குறைந்தது இரண்டு வருஷம். இருபது பள்ளிகளுக்கு ஒருநாள் போவதைவிட இது மேல்.

முதல் வகுப்புக்குக் கிட்கூட வேண்டாம். ராக்கெட் நாளில் அப்பாக்களும் கரையில்தான் இருப்பார்கள். தீ தெரிந்ததும் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, சத்தம் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. மூன்றால் வகுத்தால், ஏவுதளம் வாசலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.