காத்திருப்பின் எல்லை

மகப்பேற்றுக்காக எப்போது மருத்துவரை நாடுவது என்று முடிவு செய்யும் உரிமை கணவன், மனைவி இருவருக்கு மட்டுமே உரியது. எனினும், மணமான மூன்றாம் திங்களிலேயே ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கத் தொடங்கும் சுற்றமே, மருத்துவமனை என்ற பேச்சு எழுந்தவுடன் ‘கொடுக்கிற நேரத்தில் கடவுள் கொடுப்பார்’ என்று தடுத்தும் விடுகிறது. அவசரப்படுத்துவோரும் ஒத்திப்போடச் சொல்வோரும் ஒருவரே ஆகும்போது, காலத்தைக் கணக்கிட வேண்டிய இருவர் வாய்மூடி நிற்கின்றனர்.

மருத்துவம் வகுத்துள்ள கணக்கு தெளிவானது. தடையின்றி முயலும் நூறு தம்பதியரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கருவுறுகின்றனர். எஞ்சியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடுத்த ஆண்டில். எனவே 12 மாதங்கள் கடந்தபின் பரிசோதனை தேவை. பெண்ணுக்கு 35 வயது கடந்திருப்பின் 6 மாதங்கள். 40 கடந்திருப்பின் காத்திருத்தலே தகாது. மாதவிலக்கு ஒழுங்கற்றிருப்போரும், இடுப்புக்குழிக் காசநோய்க்கு ஆளானோரும் இக்கணக்கைப் பாராமல் முன்னரே செல்வது நன்று. பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு; முன்னதை விரைந்து செய்துகொள்வோர்க்கே பின்னதை நிதானமாக எண்ணிப்பார்க்க இயலும்.

குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதி நேர்வுகளில் ஆணின் உடலுக்கும் பங்குண்டு. எனினும் கருக்குழாய்ச் சோதனை வரை மனைவி அனைத்தையும் தாங்கி முடித்த பின்னரே, எளியதும் செலவு குறைந்ததுமான விந்தணுப் பரிசோதனைக்குக் கணவன் இசைகிறான். இதை நாணம் என்று கூறி மன்னிப்பதற்கில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமையுடையோரும் இந்தியக் குடிமக்களும் அண்டை வீட்டாராக வாழும் நகரம் புதுச்சேரி. பரிசோதனைக்குப் பின்வரும் சிகிச்சையின் செலவிலும் வயது வரம்பிலும் இவ்விரு நாடுகளின் விதிகளும் வேறு. பிரான்சு நாட்டில், பெண்ணுக்கு 43 வயது நிறையும்வரை, நான்கு முறை சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கான செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கிறது. எவ்வளவு, எதுவரை என்பதை அங்கே பொதுநிதி அறுதியிட்டுச் சொல்லிவிடுகிறது. இங்கோ 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு விதித்ததோடு, வெற்றிவாய்ப்பையும் செலவையும் தீங்கையும் முன்கூட்டியே எடுத்துரைக்கும் கடமையை மருத்துவமனைகள்மீது சுமத்தியுள்ளது. ஆயினும் சட்டம் இசையும் வயதும் உடல் இசையும் வயதும் ஒன்றல்ல. 45 கடந்தபின் தன் சினைமுட்டையால் கருவுறுதல், எத்தனை முறை பணம் செலுத்தினாலும், மிக அரிது. ஐம்பது என்ற எண்ணை நம்பிக் காத்திருப்போர்க்கு இதை யார் சொல்வது? கைக்குழந்தையின் படத்தோடு சாலையோரம் நிற்கும் விளம்பரப் பதாகைகள் சொல்லப்போவதில்லை.

நகையை அடகு வைத்துச் சிகிச்சை பெறும் குடும்பத்துக்கு முதல் அறிவுரை, விற்பனை நோக்கமற்ற இடத்திலிருந்து கிடைக்க வேண்டும். ஆகவே எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள இராசீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில், கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக அமர்த்தி, அடிப்படைப் பரிசோதனைகளைக் கட்டணமின்றி ஒரே நாளில் முடித்து, அவர்தம் வயதுக்குரிய வாய்ப்பை எழுத்தில் தரும் பிரிவொன்று முறையாக நடைபெறுவதைப் புதுவை அரசு உறுதிசெய்ய வேண்டும். கணவன் வாராத நாளில் மனைவிக்கு மட்டும் பரிசோதனை தொடங்குவதில்லை என்பதும் அப்பிரிவின் விதியாதல் வேண்டும்.