பீடத்தில் பெண்! ஓட்டில் யார்?

ஸ்விட்சர்லாந்து தேசத்தின் சர்க்கார் நடக்கும் ஊர் பெர்ன். அதன் பழைய பகுதியில் ரயிலடிப் பக்கமிருந்து ஆற்றுப் பாலம் வரை ஒரே கடைவீதி நீளமாகப் போகின்றது. அவ்வீதியில் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள் கட்டியிருக்கின்றார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தூண். அதன் மேல் வர்ணம் பூசின சிலை. தூணிலுள்ள குழாய்களில் ஓயாமல் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். ஒன்றின் மேல் வாத்தியம் ஊதுகிறவன், ஒன்றின் மேல் கவசம் பூண்ட கரடி. சற்று ஒதுங்கிய மைதானத்தில் பிள்ளையைக் கடித்துத் தின்னும் ராட்சதன்கூட இருக்கின்றான்! இவைகளுக்குப் பூசையுமில்லை, படையலுமில்லை. தாகமெடுத்தவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகின்றான்.

அந்நகரத்தார் 1528-ல் மதச் சீர்திருத்தத்தை ஏற்றுக் கோவில் விக்கிரகங்களை அப்புறப்படுத்தினவர்கள். பிறகு அவர்கள் தெருவில் சிலை வைத்தது கும்பிடுவதற்காக அல்ல. இதுவரையில் நமக்குச் சந்தோஷமே.

நிற்க, அந்த வரிசையில் ஒரு தொட்டியின் மேல் இருப்பது நீதியின் சிலை. ஹான்ஸ் கீங் என்ற சிற்பி 1543-ல் செய்தது. (அசல் இப்போது மியூசியத்தில் இருக்கின்றது, தெருவில் நிற்பது நகல்.) கண்ணைக் கட்டிக்கொண்டு வாளும் தராசும் ஏந்திய பெண். அவள் காலடியில் நான்கு பேர்: போப், சக்கரவர்த்தி, சுல்தான், அந்நகரத்தின் ஆட்சித் தலைவர். அதாவது, எவனானாலும் நீதிக்குக் கீழே என்பது தாத்பரியம். அந்நியனை மாத்திரம் கீழே வைக்காமல் தங்கள் ஊர்த் தலைவனையும் சேர்த்து வைத்த துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் தோழர்களே! அந்த நீதி பெண்ணுருவாய் இருக்கின்றதே, அவ்வூர்ப் பெண்ணுக்கு என்ன நீதி கிடைத்தது என்று பாருங்கள். 1848-ல் அரசியல் சட்டம் செய்தார்கள். ஓட்டு ஆண்களுக்கு மட்டும். 1959-ல், பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று தேசம் முழுவதும் ஓட்டெடுத்தார்கள். யாரைக் கேட்டார்கள்? ஆண்களைக் கேட்டார்கள்! எஜமானனிடம் போய் அடிமைக்கு விடுதலை கொடுக்கலாமா என்று கேட்ட கதைதான். ஓட்டளித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 67 பேர் கூடாது என்றார்கள். 1971 பிப்ரவரி 7-ந் தேதிதான் ஆண்களுக்கு மனம் இரங்கிற்று. சிலை வைத்து 428 வருஷம்!

பெண் அரசியலுக்கு வந்தால் குடும்பம் கெட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே வீதியில் அன்னா சைலர் என்ற அம்மையாரின் பெயரால் ஒரு தொட்டி உண்டு. 1354-ல் தன் சொத்தைக் கொடுத்து 13 படுக்கையுள்ள ஆஸ்பத்திரியை ஏற்படுத்தியவர் அவர். அது இன்று அந்நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்திருக்கின்றது. ஆஸ்பத்திரி வைக்கத் தெரிந்த இனத்துக்கு ஓட்டுச் சீட்டில் அடையாளம் போடத் தெரியாதா என்று கேட்கின்றோம்.

பெண்ணைச் சிலையாக்கி உயரத்தில் நிறுத்துவதில் ஆணுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. சிலை சொத்தில் பங்கு கேட்காது. கூலி உயர்வு கேட்காது. ஓட்டுச் சாவடிக்கு வந்து நிற்காது. கேட்கிறவள் உயிருள்ள பெண். ஆதலால்தான் கல்லுக்கு வாளையும் தராசையும் கொடுத்தவர்களுக்கு மனுஷிக்கு ஒரு காகிதத் துண்டு கொடுக்கக் கை வரவில்லை.

1971-க்குப் பிறகாவது முழுதும் தீர்ந்ததா? அதுவுமில்லை. அப்பென்சல் இன்னர்ரோடன் என்ற சிறு மாகாணத்தில் ஆண்கள் திறந்த வெளியில் கூடிக் கை தூக்கி முடிவு செய்வது வழக்கமாயிருந்தது. 1990 ஏப்ரலில் கூடியபோதும் தங்கள் மாகாணக் காரியங்களில் பெண்களுக்கு ஓட்டு வேண்டாமென்றே கை தூக்கினார்கள். அவ்வருஷம் நவம்பரில் தேசத்து உயர்ந்த கோர்ட்டு, ஆண்கள் சம்மதம் தேவையில்லை, பெண்களுக்கு ஓட்டு உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று.