38-ஆ, 40-ஆ?

எம். புதுப்பட்டியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி, பட்டாசுத் தொழிலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத முனைந்தாள். முதலிப்பட்டி வெடிவிபத்தில் மாண்டவர் எத்தனை பேர் என்று கைப்பேசியில் தேடினாள். ஒரு பக்கம் 38 என்றது. மற்றொன்று 40 என்றது. எதை எழுதுவது என்று நம்மிடம் வந்து கேட்டாள்.

இரண்டில் ஒன்று பொய் என்று உடனே தீர்த்துவிடலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று ஆலையில் முதலில் தீப்பிடித்தது. அதைக் காணவும் உதவவும் சுற்றூர் மக்கள் ஓடிவந்தனர். அதன்பின் நேர்ந்த பெருவெடிப்பில் அவர்களுள் பலர் மாண்டனர். ஆலையின் பெயர்ப் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏது? மருத்துவமனையில் பின்னர் உயிர்நீத்தோரும் உண்டு. அன்று மாலை எழுதிய செய்திக்கும் நாள் சில கழித்து எழுதியதற்கும் எண் வேறுபடுவது இயல்பே. ஆகவே, எண்ணைப் பார்க்குமுன் தேதியைப் பார். எண்ணியவர் யார் என்று பார் என்றோம். பத்துப் பக்கங்கள் ஒரே எண்ணைச் சொன்னால் பத்துச் சாட்சிகள் என்று கொள்ளாதே. ஒன்பதும் ஒன்றைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். விக்கிப்பீடியா எவரும் திருத்தக்கூடிய ஏடு. ஆயினும் அதன் அடிக்குறிப்புகள் மூலச் செய்திக்கு வழிகாட்டும். அறவே தள்ள வேண்டியதில்லை.

அவள் குறிப்பேட்டில் இன்னொரு வரியும் இருந்தது: 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசைத் தடை செய்ததாம்! நம் பகுதியில் எத்தனை வீட்டு அடுப்புகள் இந்த ஒரு வரியை நம்பியுள்ளன! அவ்வாண்டு அக்டோபர் 23-இல் வந்த தீர்ப்பை, நீதிமன்றத்தின் இணையத்தளத்திலேயே எடுத்துப் படிக்கச் செய்தோம். முழுத் தடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்தது. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை வெடிக்கலாம் என்றது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் ஒரு சொல். இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அவை தயங்காமல் கூறிவிடும். 2023-இல் நியூயார்க் வழக்குரைஞர் இருவர், அவ்வாறு புனையப்பட்ட வழக்குகளை மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளாயினர். படித்தவர்களுக்கே இக்கதி!

மாணவி இப்போது இரு எண்களையும், ஏட்டின் பெயரும் தேதியும் சேர்த்து எழுதியிருக்கிறாள். முதலிப்பட்டிக்கு நேரிலும் சென்று கேட்கப் போகிறாளாம்; தாயும் உடன் செல்கிறார்.