கம்பளியைப் பெட்டியில் வைக்குமுன்...

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் வாழும் சகோதரிகளுக்குக் கம்பளி ஆடை என்பது மாசி முடிந்ததும் மடித்து வைத்து, மார்கழியில் தேடி எடுக்கும் பொருளன்று. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஆனி, ஆடிச் சாரலிலும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். அங்கே நீண்ட ஓய்வு பெறுபவை கனத்த போர்வைகளும் குழந்தைகளின் தடித்த உடுப்புகளுமே. சேலத்திற்கு இறங்கிவிட்டாலோ, ஆண்டின் பெரும்பகுதி அவையெல்லாம் பெட்டிக்குள்தான். இரு வீட்டாருக்கும் பகை வேறு வேறு. ஆனால் இருவரும் ஒரே மருந்தாக அந்துருண்டையை அள்ளிப் போடுகிறார்கள்.

மலையில் முதற்பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். அந்துருண்டை பூச்சிக்குரியது, ஈரத்தை அது போக்காது. பங்குனி, சித்திரையில் காபிச் செடிகளைப் பூக்கவைக்கும் மழை வருமுன், மாசி வெயிலிலேயே போர்வைகளை உலர்த்தி எடுத்துவிட வேண்டும். வெயிலிலிருந்து எடுத்தவுடன் மடிக்காமல், சூடு ஆறிய பின் மடிப்பது நலம். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, மழை அறையும் சுவரை விட்டு விலக்கி வையுங்கள்.

சமவெளியில் அந்துப்பூச்சிதான் பெரும்பகை. துணியை அரிப்பது பறக்கும் பூச்சியன்று. வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. அதன் முட்டையிலிருந்து வரும் புழுவே கம்பளியையும் பட்டையும் தின்கிறது. அதிலும் வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடமே அதற்கு விருப்பம். ‘ஒருமுறைதானே உடுத்தினோம்’ என்று துவைக்காமல் வைத்த ஆடையில் கழுத்துப் பட்டியும் கக்கமும் முதலில் ஓட்டையாவது இதனால்தான். கம்பளியைக் குளிர்ந்த நீரில், பூந்திக்கொட்டை நுரையிலோ மென்மையான சோப்பிலோ அலசி, முறுக்காமல் பிழிந்து, கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்துங்கள். பருத்தி ஆடைக்குக் கஞ்சி போட்டு வைத்தால், கஞ்சிக்காகவே வேறு பூச்சிகள் வரும்.

நம் பெருநாள் ஆடைகளுக்கோ நிலையான பருவமே இல்லை. பிறைக் கணக்கில் பெருநாள் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே வருவதால், ஒருகாலத்தில் கோடையில் உடுத்திய பட்டு பின்னர் அடைமழையில் வெளியே வரும். அவற்றைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றுவது போதும்.

வசம்பும் நிழலில் உலர்த்திய வேப்பிலையும் பூச்சியை ஓரளவு விலக்கும். மணம் போனால் பயனும் போகும். ஏற்கெனவே புழு கண்ட சிறு உடுப்பைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபனிப் பகுதியில் ஒரு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் மடியும்.

இனி, அந்துருண்டை. பெரும்பாலும் அது நாப்தலீன். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் இதன் விற்பனையைத் தடை செய்தது. மூத்த பிள்ளையின் குல்லாவையும் போர்வையையும் பெட்டியிலிருந்து எடுத்து, அப்படியே பச்சிளங்குழந்தைக்குப் போர்த்துவது நம் வீடுகளில் வழக்கம். பரம்பரையாக வரும் ஒரு நொதிக் குறைபாடு (ஜி6பிடி) உள்ள குழந்தைக்கு அந்த ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். ஆண் குழந்தைகளிடம் இக்குறைபாடு மிகுதி. பார்த்த மாத்திரத்தில் அறிய முடியாது. எனவே குழந்தை உடுப்பு உள்ள பெட்டியில் அந்துருண்டையும் கற்பூரமும் அறவே வேண்டாம். அந்த உடுப்பை அணிந்த குழந்தையின் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உடுப்பு அந்துருண்டைப் பெட்டியில் இருந்தது என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.