குறைந்த தூரம் என்னும் மாயை

லேசர் மெஷினில் தகடு வெட்டும் வரிசை பற்றி மாணவர்கள் எழுதும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒரே பல்லவிதான். துண்டுகளை எந்த வரிசையில் வெட்டினால் ஹெட் சும்மா நகரும் தூரம் குறையும்? உடனே 'பயண விற்பனையாளர் கணக்கு' வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னாலேயே ஜெனடிக் அல்காரிதம், எறும்புக் கூட்டம், இரண்டு கிராஃப். மார்க் ரெடி. எனக்கு இதில் கடும் ஆட்சேபம் உண்டு.

கணக்கு கடினமானதுதான், மறுக்கவில்லை. பத்தே துண்டுகளை 36,28,800 வரிசைகளில் வெட்டலாம். ஆனால் கடினமான கணக்கு என்பதாலேயே அது சரியான கணக்கு ஆகிவிடுமா?

வெட்டாமல் நகரும்போது ஹெட் நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டையை உடைத்துப் பத்து மீட்டர் மிச்சம் பிடித்தால் கிடைப்பது ஆறே விநாடி. இதற்கா இத்தனை எறும்புகள்?

இனி செலவுப் பக்கம். வெட்டி முடிந்த துண்டு அடியிலுள்ள பட்டைகளின் இடுக்கில் சரிந்து, ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாசில் தகட்டுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஓடுகிறது. உங்கள் குட்டைப் பாதையோ அந்தத் துண்டின் தலைக்கு மேலேயே போகும். மோதினால் நாசில் போகும், அதைப் பிடித்திருக்கும் பீங்கான் வளையம் போகும், வேலை நிற்கும். "ஹெட்டைத் தூக்கித் தாண்டலாமே" என்பார்கள். தாண்டலாம், மிச்சம் பிடித்த விநாடிகள் அங்கேயே கரையும். "துண்டைத் தகட்டோடு மெல்லிய இணைப்பில் விட்டுவிடலாமே" என்பார்கள். விடலாம், பிறகு அதை உடைத்து அரம் போட ஓர் ஆள் வேண்டும். ரிப்போர்ட்டில் அந்த ஆளைக் காணோம்.

அடுத்தது சூடு. பக்கத்துத் துளை, அதற்கும் பக்கத்துத் துளை என்று போனால் தூரம் குறையும், சூடு ஒரே இடத்தில் தேங்கும். 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் எஃகுத் தகட்டை லேசரால் வெட்டிக் காட்டியது ஆக்ஸிஜன் துணையோடுதான். ஆக்ஸிஜனில் இரும்பே எரிந்து வெட்டுக்கு உதவுகிறது. தடித்த தகட்டில் இடம் ஏற்கெனவே சூடேறியிருந்தால் அந்த எரிதல் கட்டு மீறி ஓரம் கருகிக் குழிந்துபோகும். மெல்லிய தகடு என்றால் நெளியும், அளவு தப்பும். இதற்கு மருந்து தாண்டித் தாண்டி வெட்டுவது. அதாவது தூரம் கூடுவதே இங்கே நல்லது!

வெளி விளிம்பை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்துவிடும், ஆகவே உள்துளைகள்தான் முதலில் என்ற அரிச்சுவடி மட்டும் சில ரிப்போர்ட்டுகளில் ஒரு வரியாக வரும். அதோடு மனசாட்சிக்கு ஓய்வு.

இது வெறும் பரீட்சை விவகாரம் என்றால் விட்டுவிடலாம். இப்படிப் படித்தவர்கள்தான் நாளை புரோகிராம் போடும் மேஜையில் உட்காருவார்கள். மோதல் நடந்தால் திட்டு வாங்குவது மெஷின் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர். "இந்த வரிசை வேண்டாம் சார்" என்று அவர் முன்பே சொல்லியிருந்தாலும், "சாஃப்ட்வேர் போட்டது, நீங்க ஓட்டுங்க" என்பதுதான் பதிலாக இருக்கும்.

தூரத்தைக் குறைக்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. முதலில் துண்டு சாயாமல் இருக்கட்டும், பிறகு சூடு பரவட்டும், அதற்குப் பிறகு மிஞ்சும் வரிசைகளில் குட்டையானதைத் தேடுங்கள். அப்போது எறும்புகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.