பெண்ணைக் கேட்டீர்களா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணக்குத் தெரியாதவர் என்று ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம்! லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போதே, கூலியும் வாடகையும் கழிவும் சேர்த்து மிளகாய் கிலோ என்ன அடக்கம் ஆகிறது என்று கடைக்காரர் வாயாலேயே சொல்லிவிடுவார். சந்துக்குள் திரும்பினால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். எத்தனை கிராம், என்ன டச், சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்பதெல்லாம் அங்கே சின்னப் பையனுக்கும் தண்ணீர் பட்ட பாடு.

அப்பேர்ப்பட்ட பேட்டையில், போன மே மாதம் ஒரு வீட்டுக் கூடத்தில், "எனக்குக் கணக்கே வேண்டாம்!" என்று ஒரு பெண் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள்.

அவள் என் கல்லூரிச் சிநேகிதியின் மகள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. தமிழில் 94, ஆங்கிலத்தில் 90, விஞ்ஞானத்தில் 88, சமூக அறிவியலில் 95. கணிதத்தில் மட்டும் 61. அந்த ஒரு எண் வீட்டையே இரண்டாகப் பிளந்துவிட்டது.

"எப்பாடுபட்டாவது முதல் குரூப்பிலே சேர்த்துவிடணும். நாளைக்கு இன்ஜினீயர் ஆக வேண்டாமா?" என்றாள் சிநேகிதி.

"எதுக்குங்க அவளைப் போட்டு வதைக்கறது? காமர்ஸ் போதும். பி.காம். படிச்சுட்டு நம்ம கடைக் கணக்கைப் பார்த்தாலும் ஆச்சு" என்றார் அவள் கணவர். லீ பஜாரில் மொத்த மளிகை வியாபாரம் அவருக்கு.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஓர் எண்ணம் உலகத்தில் இருக்கிறதே!

சகோதரிகளே! இந்த ரகளை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இல்லாவிட்டால் இன்னும் இரண்டொரு வருஷத்தில் நடக்கும். ஆகையால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம் மாநிலப் பாடத் திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரையில் எல்லாருக்கும் ஒரே கணிதம்தான். பதினோராம் வகுப்பில்தான் பாதை பிரிகிறது. கணிதம், பௌதிகம், ரசாயனம் மூன்றோடு உயிரியலோ கம்ப்யூட்டர் சயன்ஸோ சேர்ந்தால் முதல் குரூப். பௌதிகம், ரசாயனம், தாவரவியல், விலங்கியல் சேர்ந்தால் கணிதம் இல்லாத விஞ்ஞானக் குரூப். வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் சேர்ந்தால் காமர்ஸ்; அதில் நாலாவது பாடமாக வணிகக் கணிதமும் வரலாம், கம்ப்யூட்டர் பாடமும் வரலாம், வேறொன்றும் வரலாம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தக் கதவுக்கு எது சாவி என்பது. தமிழ்நாட்டில் பி.இ. சேர்க்கைக்கான தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குப் போடப்படுகிறது. அதில் கணிதம் 100, பௌதிகம் 50, ரசாயனம் 50. அதாவது, கணிதம் ஒன்றே பாதி! பிளஸ் டூவில் கணிதம் படிக்காத பெண், பிறகு எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022 முதல் பெண்களும் சேர்ந்து பயில்கிறார்கள். அங்கே விமானப் படைக்கும் கடற்படைக்கும் போக விரும்பினால் பிளஸ் டூவில் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் கட்டாயம். டாக்டருக்குப் படிக்க நுழைவது நீட் பரீட்சை வழியாக. அதில் கணிதத் தாள் கிடையாது. மருத்துவமே குறி என்று பெண் உறுதியாக இருந்தால் கணிதத்தை விடுவதில் தப்பில்லை.

"அதுதான் நானும் சொல்றேன். காமர்ஸுக்குக் கணக்கு எதுக்கு?" என்றார் சிநேகிதியின் கணவர்.

அங்கேதான் அவர் ஏமாந்தார். ஆடிட்டர் ஆவதற்கு முதல் படியான சி.ஏ. பவுண்டேஷன் பரீட்சையில் நாலு தாள். அதில் ஒரு தாள் முழுக்க வணிகக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கக் கணக்குகளும்தான். கணக்குக்குப் பயந்து காமர்ஸில் சேர்ந்த பெண், இரண்டு வருஷம் கழித்து அதே கணக்கை முன்பயிற்சி இல்லாமல் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். புள்ளியியல், பி.சி.ஏ. போன்ற படிப்புகளுக்கும் பல கல்லூரிகளில், "கணிதமோ வணிகக் கணிதமோ படித்தாயா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காமர்ஸ் என்று போட்டால் மட்டும் போதாது; அந்த நாலாவது பாடம் என்ன என்று பார்க்க வேண்டும்.

மத்தியப் பாடத் திட்டத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு ஒரு வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பத்தாம் வகுப்பில் 'ஸ்டாண்டர்ட்' கணிதம், 'பேஸிக்' கணிதம் என்று இரண்டு தாள் வைத்துவிட்டார்கள். பாடம் ஒன்றேதான், பேஸிக் தாள் சுலபம். ஆனால் பேஸிக் எழுதியவர்கள் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்கக் கூடாது என்பது அதற்கு வைத்த விதி. பிறகு சில ஆண்டுகளில், பள்ளித் தலைமை திருப்திப்பட்டால் சேர்க்கலாம் என்று தளர்த்தினார்கள். ஆகையால் ஒன்பதாம் வகுப்பு முடிந்து படிவத்தில் அந்தக் கட்டத்தில் குறி போடுவதற்கு முன், அந்த வருஷத்து விதி என்ன என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் குறி, விளைவு பெரிது.

இந்தச் சமயத்தில் சிநேகிதி உள்ளே போய்ச் செல்போனை எடுத்து வந்தாள். அவளுடைய நாத்தனார் அமெரிக்காவில் இருக்கிறாள். நாத்தனார் மகள் அங்கே லுத்தரன் சபையார் நடத்தும் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். "அங்கே எப்படி என்று பாரேன்" என்று, அந்தப் பள்ளியின் பாடப் பட்டியலைக் காட்டினாள்.

லுத்தரன் சபையார் நமக்கு அந்நியர் அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். அடுத்த வருஷமே அங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அமெரிக்க மிசௌரி லுத்தரன் சபை 1895-இல் நம் நாட்டில் முதன்முதலாகப் பணி தொடங்கியது, அந்நாளில் சேலம் ஜில்லாவில் இருந்த கிருஷ்ணகிரியில்.

அந்தப் பட்டியலில் குரூப் என்ற பேச்சே இல்லை. முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், முன்கால்குலஸ், கால்குலஸ் என்று ஏணிப் படிபோல் வரிசை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "இதற்கு முன் இன்னது முடித்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி. சிலவற்றுக்கு, முந்திய பாடத்தில் இன்ன தரம் வாங்கியிருக்க வேண்டும் அல்லது ஆசிரியர் சம்மதிக்க வேண்டும் என்று நிபந்தனை. கணிதத்தில் மெதுவாக ஏறுகிற பெண் இலக்கியத்திலோ சரித்திரத்திலோ வேகமாகப் போகலாம். ஒரு பாடத்தில் பின்தங்கினாள் என்பதற்காக மற்ற நாலும் மாறிவிடுவதில்லை.

அங்கே ஏணி, நமக்கு இங்கே வாசல். ஏணியில் ஒரு படியில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கலாம். வாசலோ அடைத்துவிட்டால் சுற்றித்தான் வர வேண்டும். சுற்று வழி இல்லாமல் இல்லை. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளமா பெற்றவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்புக்கு, பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும், தகுதிப் பரீட்சையில் தேறினால் போதும். ஆனால் அங்கேயும் உள்ளே போனதும் முதலில் வந்து நிற்பது கணிதம்தான்!

இனி அந்த 61-க்கு வருவோம். "எங்கே போயிற்று மீதி 39?" என்று பெண்ணைக் கேட்டேன். வினாத்தாளை எடுத்து வந்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தோம். முக்கோணவியலில் ஒன்றுமே எழுதவில்லை. ஆயத்தொலை வடிவியலில் பாதியில் விட்டிருந்தாள். இயற்கணிதத்தில் கூட்டல் கழித்தல் குறி தப்பு. வரைபடமும் செய்முறை வடிவியலும், எட்டெட்டு மதிப்பெண் கேள்விகள், முழுசாகச் சரி. புள்ளியியலும் சரி.

"முக்கோணவியல் நடத்தறப்ப எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. மூணு வாரம் போகலை. அப்புறம் புரியவே இல்லை" என்றாள்.

பாருங்கள்! வீட்டில் எல்லாரும் "கணக்கு வராது" என்று முடிவு கட்டிவிட்டார்கள். வராதது கணக்கு அல்ல, மூன்று வாரப் பாடம். பதினோராம் வகுப்புக் கணிதத்துக்கு அஸ்திவாரம் பத்தாம் வகுப்பின் இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் மூன்றும்தான். அதன்மேல்தான் வகையீடும் தொகையீடும் எழும்புகின்றன. இந்த மூன்றும் ஆட்டமாக இருந்தால் முதல் குரூப்பில் ஜூன் மாதமே தடுமாற்றம் தொடங்கிவிடும். கோடை விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் பழைய புத்தகத்தையே மறுபடி போட்டுப் பார்த்தால் ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். புதுப் புத்தகத்துக்கு முன்கூட்டியே டியூஷன் வைப்பதைவிட இது மேல்.

இத்தனை நேரம் ஊஞ்சலில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதியின் மாமியார் அப்போது பேசினார். எண்பதை எட்டப்போகிறார். இன்றைக்கும் கடைக்கு வரும் சரக்குச் சீட்டை வாங்கி, அரைக்கால், மாகாணி என்று பழைய கணக்கிலேயே சரிபார்த்துவிடுகிற அம்மாள்.

"எங்க காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யிலே ரெண்டு கணக்கு இருந்துச்சு, கண்ணு. ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ். காம்போசிட் படிச்சாத்தான் மேலே பி.யு.சி.யிலே கணக்கு எடுக்கலாம்னு சொல்லுவாங்க. எனக்கு நல்லா வரும். எங்கப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, 'பொட்டப்பிள்ளைக்கு ஜெனரலே போதும்'னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் வாசல்லே நின்னுக்கிட்டு இருந்தேன். என்னை யாரும் கேக்கலை. கணக்கு டீச்சர் ஆகணும்னு எனக்கு ஆசை."

கொஞ்ச நேரம் ஊஞ்சல் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா சண்டை போடறீங்க. அவளைக் கேட்டீங்களா?"

எனக்கு அப்போது அய்யலசோமயாஜுல லலிதாவின் ஞாபகம் வந்தது. 1919-இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நாலு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அதற்குப் பிறகு ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் தேறி, 1940-இல் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் மின்பொறியியலில் சேர்ந்தார். பெண்ணுக்கென்று அச்சடித்த பட்டச் சான்றிதழ் அங்கே இல்லாததால், 'அவன்' என்று இருந்த இடத்தை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம்! பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் வேலைகளில் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள் மகாநாட்டுக்கும் போய் வந்தார். அவருடைய தகப்பனார் அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியர். பெண்ணுக்கு என்ன விருப்பம் என்று கேட்டு, அதற்காகக் கல்லூரி முதல்வரிடம் வாதாடி இடம் வாங்கிக் கொடுத்தார். அந்த அப்பாவும் அப்பா. எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அப்பாவும் அப்பா. இருவருக்கும் பெண்ணிடம் பிரியம் இல்லாமல் இல்லை. ஒருவர் கேட்டார், ஒருவர் கேட்கவில்லை.

பெண் ஒரு ராத்திரி அவகாசம் கேட்டாள். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது சொன்னாள்: "எனக்கு இன்ஜினீயரிங் வேண்டாம்மா. ஆடிட்டர் ஆகணும். காமர்ஸ்தான். ஆனா வணிகக் கணிதத்தோட!"

அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அப்பாவுக்கு அரை வெற்றி, அதுவும் நீடிக்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் காமர்ஸ் குரூப்பில் கம்ப்யூட்டர்தான் உண்டு, வணிகக் கணிதம் இல்லை. அந்தப் பாடம் இருக்கிற பள்ளிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். "பஸ்ஸிலா?" என்று ஆரம்பித்தார். ஊஞ்சல் நின்றது. அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பஸ் பாஸைப் பற்றி விசாரிக்கப் போய்விட்டார்.

ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்கு வண்டி வேடிக்கை பார்க்கப் போனபோது மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பேத்தி நோட்டில் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடையை மனசுக்குள் போட்டு, அவளுக்கு முன்னால் சொல்லிவிட்டார். "போங்க பாட்டி! வழியையும் எழுதினாத்தான் மார்க்கு" என்று பேத்தி நோட்டை நகர்த்திக் கொடுத்தாள். பாட்டி பேனாவை வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் பத்தாவது படிக்கிற பெண் இருந்தால், மூன்று காரியம் செய்யுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், மதிப்பெண் எங்கே போயிற்று என்று பாருங்கள். சேரப்போகிற பள்ளியில் குரூப்பின் பெயரை மட்டும் கேட்காமல், நாலு பாடத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேலே என்ன படிப்பது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை என்றால், ஏதாவது ஒரு கணிதம் கூட இருக்கட்டும். வேண்டாம் என்றால் பிறகு விட்டுவிடலாம். விட்டதைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

இந்த மூன்றையும் செய்த பிறகு, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.